பண்டித்தோலுக்குள் இருக்கிற நெல்லு

போன மார்கழியில் லண்டனில் இருந்து வெல்லாவெளிக்கு வந்த மச்சான் ஒருவர், பையில் இருந்து ஒரு சின்னப் பக்கற்றை எடுத்து மேசையில் போட்டார். உள்ளே பொரித்த பன்றித்தோல். பப்படத்தை நொறுக்கிப் போட்ட மாதிரி இளம் மஞ்சளில் ஊதிப்போன துண்டுகள். பக்கற்றின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விசயம் மட்டும் இருந்தது: காபோவைதரேற்று பூச்சியம்.

"சோறு விட்டு எட்டு மாசம். பன்ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கன். இடையில பசிச்சா இதுதான்" என்றார்.

அம்மம்மா பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பண்டித் தோலா இது? இதையா மனே அங்க காசு குடுத்து வாங்கித் தின்னுறீங்க?"

மச்சான் சிரித்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். இந்தக் கட்டுரைக்கு அந்த வசனம்தான் காரணம். "அம்மம்மா, இதுதான் எங்கட மூதாதையர்ட சாப்பாடு. சோறெல்லாம் பிறகு வந்தது."

நாங்கள் என்று எழுதுவது நாலு பேரை. நாலு பேரும் வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். இரண்டு பேருக்கு ஊர் வெல்லாவெளி, ஒருத்திக்குப் பழுகாமம், ஒருவனுக்கு மண்டூர். வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் "மூதாதையர்" என்ற சொல்லை யாரும் சும்மா போட்டுவிட்டுப் போக முடியாது. அன்றிரவு முற்றத்தில் தொடங்கிய வாக்குவாதம் இரண்டு மாதம் ஓடியது. பாதி நூலகத்தில், பாதி வாட்ஸ்அப்பில்.

இடம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வெல்லாவெளி படுவான்கரையின் தெற்குப் பகுதியில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கிற ஊர். வயல் வட்டை, குளம், யானை, பண்டி, இவ்வளவும் நிறைய உண்டு. பன்றியை நாங்கள் பண்டி என்றுதான் சொல்லுவோம். அப்படியே எழுதவும் போகிறோம், சில இடங்களில்.

அந்தப் பக்கற்றைப் பார்த்தபோது எங்களுக்குள் ஏன் ஒரு எரிச்சல் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாறிப்போனவள். ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியில் காட்டுப்பண்டிக் கறி. மூடியைத் திறந்ததும் வாங்கில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். "படுவான்கரையாக்கள்தானே, காட்டில பிடிச்சதெல்லாம் தின்னுவாங்க." அதற்குப் பிறகு சாதாரண தரம் முடியும்வரை அவள் முட்டையும் பருப்பும் மட்டும்தான் கொண்டுபோனாள். அதே தோல் இப்போது பளபளக்கிற பக்கற்றுக்குள், 30 கிராம் ஒன்றரைப் பவுண் விலையில், "மூதாதையர் உணவு" என்ற பட்டத்தோடு திரும்பி வருகிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முதலில் அந்தப் பக்கற்றுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஆலையில் பன்றித்தோலை அவித்து, அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, சின்னத் துண்டுகளாக வெட்டிக் காய வைக்கிறார்கள். காய்ந்த துண்டில் பத்தில் ஒரு பங்களவு ஈரம் மட்டும் மிஞ்சும். பிறகு 200 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடான கொழுப்பில் போட்டதும் அந்த ஈரம் ஒரேயடியாக ஆவியாகித் தோலை ஊதவைக்கும். எங்கள் வீட்டு வடகம் பொரிகிற அதே கணக்குத்தான். 28 கிராம் எடுத்தால் ஏறத்தாழ 17 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு, 150 கலோரி சொச்சம். காபோவைதரேற்று உண்மையிலேயே பூச்சியம். பக்கற்றில் பொய் இல்லை.

ஆனால் சொல்லாமல் விட்டது உண்டு. அந்தப் புரதம் பெரும்பாலும் கொலாஜன். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான திரிப்டோபன் கொலாஜனில் இல்லை. அதனால் 17 கிராம் என்று பெரிதாக எழுதினாலும், முட்டையிலோ மீனிலோ இருக்கிற புரதத்துக்கு அது ஈடாகாது. உப்பும் கூட. அந்தச் சின்னக் கைப்பிடிக்குள் 500 மில்லிகிராம் அளவில் சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசர் இருக்கிறவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லும் எந்த உணவு முறையிலும் இதற்கு இடமில்லை.

சரி, வேறு எந்த முறையில் இடம் உண்டு? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

மாவுச்சத்தைக் குறைத்து உடம்பை இளைக்க வைக்கலாம் என்பதை முதன்முதல் ஊருக்கெல்லாம் பரப்பியவர் என்று லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங்கைச் சொல்வார்கள். தொழில், இறுதிச்சடங்கு நடத்துவது. 1863இல் தன் உடல் பருமன் குறைந்த கதையைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வெளியிட்டார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டாராம். காலைச் சாப்பாட்டுக்கு எந்த இறைச்சியும் சரி என்கிறார், ஒன்றைத் தவிர. அது பன்றி. அதே பட்டியலில் பேக்கனுக்கு மட்டும் அனுமதி உண்டு! ஆக, கீட்டோக்காரர்களின் மூத்தப்பாவுக்கே பன்றி இறைச்சி ஆகாது.

கீட்டோ என்ற சொல்லும் முதலில் இளைப்பதற்காக வந்ததல்ல. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டொக்டர் ரசல் வைல்டர் வலிப்பு நோயாளர்களுக்காக அந்த உணவு முறையை முன்வைத்தார். மாவுச்சத்து மிகக் குறைந்து கொழுப்பு கூடினால் உடம்பு கீட்டோன்களை எரிக்கத் தொடங்கும், வலிப்பு குறையும் என்பது கணக்கு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு இன்றும் அது வைத்தியமாகக் கொடுக்கப்படுகிறது, வைத்தியரின் கண்காணிப்பில்.

பிறகு 1928. வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற வடதுருவப் பயணி, இனுவிட் மக்களோடு இருந்து மாமிசமே தின்று பழகியவர். ஒரு வருசம் இறைச்சி மட்டும் தின்று காட்டுகிறேன் என்று தன் சகபயணி ஒருவரோடு சேர்ந்து நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையில் பரிசோதனைக்கு உட்பட்டார். முதலில் அவருக்குக் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் வயிற்றோட்டம், சோர்வு. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்த வருசம் அவர்களுக்குக் கிடைத்த சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பில் இருந்து வந்தது. வேடனுக்கு இறைச்சியை விடக் கொழுப்புத்தான் முக்கியம் என்பது அப்போது வெள்ளைக்கார விஞ்ஞானத்துக்குப் புதினம். எங்கள் அம்மம்மாவுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறோம்.

1972இல் டொக்டர் ரொபர்ட் அட்கின்ஸின் புத்தகம் வந்தது. பாண் கூடாது, பழச்சாறு கூடாது, ஆனால் பன்றித்தோல் பொரியல் தின்னலாம்! கொழுப்பு என்றாலே மாரடைப்பு என்று அமெரிக்கா நடுங்கிய காலம் அது. 2000களின் தொடக்கத்தில் அட்கின்ஸ் அலை திரும்ப அடித்தபோது பொரித்த தோல் பாண் தூளுக்கும் பிஸ்கற்றுக்கும் பதிலாக அடுப்படிக்குள் வந்தது. நொறுக்கி, மீனில் பிரட்டிப் பொரிப்பது வரைக்கும்.

பேலியோ வேறு. 2002இல் வந்த லோரன் கோர்டெய்னின் புத்தகம் கொழுப்புக் குறைந்த இறைச்சியைத்தான் சொன்னது, உப்பையும் விடச் சொன்னது. அதன்படி இந்தப் பக்கற் அரைவாசியும் தேறாது. ஆனால் 2010களின் நடுவில் நியாண்டர் செல்வன் எழுத்தாலும் பேஸ்புக் குழுக்களாலும் தமிழில் பரவிய பேலியோ, கொழுப்புப் பக்கம் சாய்ந்த பேலியோ. வெண்ணெய் போட்ட தேத்தண்ணி, முட்டை, பனீர், எண்ணி எடுத்த 100 பாதாம். கற்கால மனிசனுக்குப் பனீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், நாங்கள் கேட்கவில்லை. பாதாம் ஒரு கிலோ விலையைக் கொழும்பில் கேட்டுப் பார்த்துவிட்டு மட்டும் வந்தோம்.

இதற்கெல்லாம் முந்திய, உலகத்தில் அதிகம் பேர் பின்பற்றுகிற டயட்டுகளை நாங்கள் டயட் என்றே நினைப்பதில்லை. முஸ்லிம் நண்பர்களுக்குப் பன்றி ஹராம். யூதர்களுக்கும் ஆகாது. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் மண்டூர் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டால் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கதவு திறந்து குளிர்த்தி முடியும்வரை இல்லை. மறுபக்கம், மட்டக்களப்பு நகரத்தில் பறங்கியர் வீட்டு நத்தார் மேசைக்குப் பன்றி வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள், பத்து வருசத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். கோட்டையை விட அவர்களுடைய அடுப்படி நீண்ட காலம் நின்றது. ஒரு வாவியைச் சுற்றி ஒரே மிருகம் ஒருவருக்கு விலக்கு, ஒருவருக்குப் பெருநாள், ஒருவருக்கு வாரத்தில் சில நாள்.

இனி மச்சானின் "மூதாதையர்" கதைக்கு வருவோம்.

இலங்கையில் மூதாதையர் என்ன தின்றார்கள் என்பதற்கு நல்ல சான்று உண்டு. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுக்கு முந்திய மனிதர்களின் சாப்பாட்டு எலும்புகள் கிடைத்தன. 2019இல் வெளியான ஆய்வின்படி அதில் பெரும்பங்கு குரங்கும் மர அணிலும். மற்றக் குகைகளில் நத்தை ஓடுகள், காட்டு ஈரப்பலா, எண்ணெய்ப் பிடிப்பான கொட்டைகள். அதாவது உண்மையான இலங்கைப் பேலியோ என்றால் மரத்தில் பாய்கிற குரங்கைப் பிடித்துத் தின்றுவிட்டுக் காட்டு ஈரப்பலாவைச் சுட்டுத் தின்ன வேண்டும். ஈரப்பலா முழுக்க மாவு. பக்கற்றில் போட்டு விற்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கிட்டிய காலத்துக்கு வந்தாலும் அதே கதை. கண்டி அரசனிடம் கைதியாக ஏறத்தாழ இருபது வருசம் இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் வேடர்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய உணவு இறைச்சி மட்டும் என்று ஓரிடத்தில் சொல்கிறார். அதே பகுதியில், மரத்தைக் குடைந்து தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைப் போட்டு, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைப்பார்கள் என்றும் சொல்கிறார். தேன்! காபோவைதரேற்றின் ராசா. 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய பெரிய நூலில் காட்டுக் கிழங்கும் தேனும் இறைச்சியோடு சேர்ந்தே வருகின்றன. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களையும் அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் அப்போதே தமிழ் பேசி மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். சோற்றையும் கிழங்கையும் தொடாத மூதாதையர் எங்கள் பக்கத்தில் யாரும் அகப்படவில்லை.

நாங்கள் இதோடு நிறுத்தியிருப்போம். மச்சான் தோற்றார், கதை முடிந்தது என்று. ஆனால் பழுகாமத்துக்காரி பத்துப்பாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தாள், அங்கிருந்து எங்கள் கேள்வியே மாறிவிட்டது.

பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, பாணனுக்கு வழி சொல்லும்போது ஒரு துறைமுகப் பட்டினம் வருகிறது. அங்கே கள் அடுகிற வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லுகிறார் புலவர். ஓர் ஆண் பன்றியைப் பெட்டைகளோடு சேரவிடாமல் குழிக்குள் நிறுத்தி, பல நாள் நெல்லை இடித்த மாவை ஊட்டிக் கொழுக்க வைத்திருப்பார்கள். அந்தக் கொழுத்த நிணத்தைக் கள்ளோடு பெறுவாய் என்கிறார். தமிழில் பன்றிக் கொழுப்பு பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறது, எங்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

ஊட்டியது என்ன? நெல் மா. பன்றியை மேயவிடாமல் அடைத்து வைத்து அரிசி மாவைக் கொடுத்தால் அது கொழுப்பாகும் என்று அந்தப் பட்டினத்துக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய உயிரியலும் அதைத்தான் சொல்கிறது. மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவதில் பன்றியின் உடம்பு கெட்டிக்காரன். இன்றைக்குப் பெரிய பண்ணைகளில் கொடுப்பது சோளனும் சோயாவும். ஒரு கிலோ உடம்பு ஏற ஏறத்தாழ மூன்று கிலோ தீன் வேண்டும். "காபோவைதரேற்று பூச்சியம்" என்ற பக்கற்றுக்குள் இருப்பது யாரோ விளைவித்த தானியம்தான், பன்றியின் வயிற்றுக்குள்ளால் ஒருமுறை போய் வந்திருக்கிறது, அவ்வளவே.

இதை அம்மம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னோம். அவ வெற்றிலையை மடித்தபடி, "அதுக்கு ஏன் மனே கம்பஸ் போகணும்? சூடு அடிச்ச பிறகு வாற பண்டியிலதான் நெய் இருக்கும். மற்ற நாளையில வெறும் தோலும் எலும்பும்" என்றா.

படுவான்கரையில் யாரும் குழி வெட்டிப் பண்டி வளர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. வட்டையே குழி. குடலைப் பருவம் தொடங்கி அறுவடை வரை இரவில் கூட்டமாக வந்து உழுது போட்டுவிட்டுப் போகும். சேனையில் மரவள்ளி, சோளன், கச்சான் எதையும் விடாது. அப்பாமார் வாடியில் கிடந்து தகரம் தட்டி, தீ மூட்டி, பட்டாசு கொளுத்திக் காவல் காத்த கதைகள் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு இரவு கண் அயர்ந்தால் அரை ஏக்கர் போய்விடும். வங்கியிலோ போடியாரிடமோ வாங்கிய கடனுக்கு அந்த அரை ஏக்கர்தான் வட்டி. அப்படி ஒரு பண்டி துவக்குக்கு அகப்பட்டால் அது வேட்டை விளையாட்டு இல்லை. தின்றுவிட்டுப் போன நெல்லில் ஒரு பங்கைத் திருப்பி எடுப்பது.

எப்படித் திருப்பி எடுத்தார்கள் என்பதையும் அம்மம்மா சொன்னா. தோலை உரிப்பதில்லை. வைக்கோலைப் போட்டு மயிரைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, கழுவி, தோலும் கொழுப்பும் சேர்ந்தபடி துண்டு போடுவது. காவலுக்கு நின்ற எல்லா வீட்டுக்கும் பங்கு. கொழுப்புத் துண்டுகளைத் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் விட்டால் நெய் உருகி வரும். தோல் அந்த நெய்யிலேயே பொரிந்து மொறுமொறுக்கும். சின்னப் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நிற்பது அந்தத் துண்டுக்குத்தான். நெய்யைப் போத்தலில் விட்டு வைத்தால் தேங்காய் எண்ணெய் இல்லாத நாளில் தாளிக்க, கை கால் உளைவுக்குத் தேய்க்க. "நாங்க தின்ன நெய் அதுதான். பசு நெய் கோயிலுக்கு" என்றா.

ஆனால் அந்தப் பொரியலை யாரும் தனியாகத் தின்று வயிறு நிரப்பவில்லை. ஒரு கோப்பைச் சோற்றுக்கு இரண்டு துண்டு. வெயிலில் எட்டு மணித்தியாலம் குனிந்து நின்ற உடம்புக்குச் சோறுதான் சக்தி. கொழுப்பு அந்தச் சோற்றை நெடுநேரம் தாங்க வைத்தது. ஸ்டெஃபான்சன் பெல்வியூவில் கண்டுபிடித்ததை இவர்கள் வாடியில் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் அவர் மாதிரிச் சோற்றை விட்டுவிட முடிகிற வசதி இவர்களுக்கு இருக்கவில்லை.

வசதி என்று ஏன் சொல்கிறோம்? இந்த நாட்டில் அரிசி வெறும் சாப்பாடாக இருந்ததே இல்லை. 1942இல் யுத்தகாலப் பங்கீடு தொடங்கியது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகும் வரை போனது. 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியதும் அரிசிக்காகத்தான். அந்த நீர்த்தேக்கத்துக்குக் கீழே வேடர் வேட்டையாடிய காடுகளும் போயின. 2007 தொடக்கத்தில் வெல்லாவெளி உட்படப் படுவான்கரைச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வாவிக்கு அங்கால முகாம்களுக்குப் போனது. எங்களில் சிலர் அப்போது அம்மாவின் இடுப்பில். நிவாரணம் என்றால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். சரியான உயர் காபோ டயட்! ஊருக்குத் திரும்பியபோது காவல் இல்லாத வட்டையெல்லாம் பண்டிக்கும் யானைக்கும் சொந்தமாகியிருந்தது என்று பெரியப்பா சொல்லுவார்.

2022ஐ எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வீட்டில் முட்டை நின்றது, மீன் கிழமைக்கு ஒருநாளானது, விடுதியில் சோறும் சம்பலும். அந்த வருசம் நாங்கள் எல்லாரும் மெலிந்தோம். யாரும் அதைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை.

உணவுக்கும் மானத்துக்கும் உள்ள தொடர்பு எங்கள் ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் தெற்கில் பொரித்த பன்றித்தோல் ஏழைகளின், கறுப்பின மக்களின் சாப்பாடாகப் பார்க்கப்பட்ட ஒன்று. பணக்கார வீட்டுப் பிள்ளையான ஜோர்ஜ் புஷ், மூத்தவர், 1988 தேர்தல் காலத்தில் தனக்குப் பன்றித்தோல் பொரியல் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டார். விற்பனை ஏறியது. அவர் தின்றால் எளிமை, ஏழை தின்றால் ஏழ்மை. குடகில் பந்திக் கறி இல்லாமல் கலியாண வீடு இல்லை, அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அதே பன்றியை வைத்து ஒரு சாதியையே இழிவுபடுத்துகிறார்கள். எங்கள் சிநேகிதியின் சாப்பாட்டுப் பெட்டியும் அந்த நீண்ட வரிசையில்தான் நிற்கிறது.

மச்சானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவருடைய அப்பா நீரிழிவில் காலை இழந்தவர். 2018-19இல் நாடு முழுக்கச் செய்த ஆய்வு ஒன்றில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. அம்மம்மாவின் கிளினிக் கொப்பியிலும் "சோறு குறைக்கவும்" என்றுதான் எழுதியிருக்கிறது. உழவு இயந்திரமும் அறுவடை மெசினும் வந்த பிறகு, எட்டு மணித்தியாலம் குனிந்து நின்ற உடம்புக்கு அளந்த சோற்றை மோட்டார்சைக்கிளில் போகிற உடம்பு தின்கிறது, அதுவும் தவிடு போன வெள்ளை அரிசி. மாவைக் குறைத்தால் சீனி இறங்கும் என்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றை விட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பேஸ்புக் குழு அதற்குப் பொறுப்பெடுக்காது.) அவர் பயந்துதான் சோற்றை விட்டார். அந்தப் பயத்துக்கு ஒரு மூதாதையரைத் தேடினார். அவருடைய மூதாதையர் லண்டன் பக்கற்றில் இல்லை, வெல்லாவெளி வாடியில் இருந்தார்கள், சோற்றோடு இருந்தார்கள் என்பதுதான் எங்கள் வாதம்.

வாதத்தை நிரூபிக்க நாங்களே தோல் பொரித்துப் பார்க்க நினைத்தோம். காட்டுப்பண்டி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இப்போது துவக்கை விடப் பன்றிவெடிதான் கூட. சாப்பாட்டுக்குள் வைத்த வெடியைப் பண்டிக்குப் பதில் யானைக் கன்று கடித்து, வாய் சிதறி, நாள்கணக்கில் தின்ன முடியாமல் கிடந்து சாகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்த இறைச்சி இறங்காது. பண்ணைப் பன்றி வாங்கப் போனால், 2024 ஒக்டோபரில் நாட்டுக்குள் உறுதியான ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு ஆட்கள் வாங்கப் பயப்படுவதாகக் கடைக்காரர் சொன்னார். அது மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால்தான் பெரும்பாலும் பிழைக்காது என்று சொல்லிப் பார்த்தோம். "தம்பி, எனக்குத் தெரியும், வாங்குற ஆக்களுக்குச் சொல்லுங்க" என்றார். அவரிடம் அன்றைக்கு இறைச்சி இல்லை.

கடைசியில் மச்சான் விட்டுப்போன இரண்டாவது பக்கற்றைத்தான் உடைத்தோம். அம்மம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றா.

"உப்பு கூட. நெய் வாசமே இல்ல" என்றா. பிறகு விலையைக் கேட்டா. இங்கத்தக் காசில் 600 ரூபாவுக்கு மேல் வரும் என்றோம். விரல் மடித்துக் கணக்குப் பார்த்து, "இரண்டரைக் கிலோ அரிசி" என்றா.

மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் பால் ஆணத்துக்குள் கொட்டிக் கிண்டி எடுத்தா. ஊதியிருந்த துண்டெல்லாம் ஆணத்தை உறிஞ்சிச் சவ்வு மாதிரி ஆகிவிட்டன. ஐந்து பேரும் சோற்றில் பிசைந்து தின்றோம். அவ மட்டும் ஒரு அகப்பைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டா, கிளினிக் கொப்பி சொன்ன அளவு.